ஆறே முக்காலுக்குச் சிரிப்பு

சிரிப்புக்கென்று எங்கள் வீட்டில் ஒதுக்கப்பட்ட நேரம் மாலை ஆறே முக்காலிலிருந்து ஏழு மணி வரை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த நேரசூசியில், கணிதத்துக்கும் சுற்றாடல் பாடத்துக்கும் நடுவில், ஊதா நிறப் பெட்டிக்குள் ‘சிரிப்பு’ என்று எழுதி அடியில் கோடும் போட்டிருந்தது. எழுதியவர் என் கணவர். நில அளவைக் கந்தோரில் படம் வரைவது அவருடைய வேலை. அடிமட்டம் இல்லாமல் அவரால் கடைக்குப் போகும் சாமான் துண்டுகூட எழுத முடியாது.

அந்த வருடம் மகள் ஐந்தாம் வகுப்பு. பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கித் தருகிற புலமைப்பரிசில் பரீட்சை. யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடு என்றால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கலியாண வீட்டுக்குப் போகமாட்டார்கள். டிவிக்குத் துணி போர்த்திவிடுவார்கள். வருகிறவர்கள் வாசல் படலையிலேயே நின்று குரலைத் தாழ்த்தி, “பிள்ளை படிக்குதோ?” என்று கேட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். அரியாலையில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் அப்படி நான்கு வீடுகள் இருந்தன. ஒழுங்கை நாய்கூடக் குரைக்க யோசித்தது.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது வகுப்பாசிரியை எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். என்னைவிடப் பத்து வயது இளையவர், மெல்லிய குரல். பிள்ளைகளின் சின்னக் கதிரையில் முழங்கால் நாடியில் இடிக்க நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். மகளின் மாதிரிப் பரீட்சைத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். முதல் பக்கங்கள் எல்லாம் சரி, சரி, சரி. கடைசி மூன்று பக்கங்களில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

“பிள்ளைக்கு எல்லாம் தெரியும். வகுப்பிலை கேட்டால் டக்கெண்டு சொல்லுறா. தாளைக் குடுத்தால் பாதியிலை கை நிண்டுடுது. அழுறாவும் இல்லை. சும்மா தாளையே பாத்துக்கொண்டு இருக்கிறா.”

“எந்தப் பாடத்திலை குறைவு ரீச்சர்?” என்று கணவர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார்.

“பாடத்திலை ஒரு குறைவும் இல்லை. வீட்டிலை எப்பன் சிரிச்சுக் கதையுங்கோ. பிள்ளை கொஞ்சம் சிரிக்கட்டும்.”

கணவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த வெள்ளைப் பக்கங்கள் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. எத்தனை புள்ளி, எந்தப் பெரிய பள்ளிக்கூடம் என்பதெல்லாம் அன்றோடு பின்னால் போய்விட்டது. சரியோ பிழையோ, பரீட்சை நாளன்று என் பிள்ளை கடைசிப் பக்கம் வரை எழுதிவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். தாளின் முன்னால் உறைந்துபோய், தனியாக, ஒரு உதவியும் இல்லாமல் அவள் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் பாருங்கள், எங்களைப் போன்றவர்களிடம் போய்ப் பிள்ளையைச் சிரிக்க வையுங்கள் என்று சொன்னால் என்ன செய்வோம்? கணக்குக் குறைவு என்றால் கணக்குக்கு ரியூசன் பார்ப்போம். ஆங்கிலம் குறைவு என்றால் அதற்கும் ஒரு ரியூசன். சிரிப்புக் குறைவாம். அதை யார் எடுக்கிறார்கள்? விசாரித்துப் பார்த்தேன். யாழ்ப்பாணம் முழுவதிலும் ஒருவரும் எடுப்பதாகத் தெரியவில்லை. அதனால் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. பழைய நேரசூசி கிழிக்கப்பட்டது. சுற்றாடலில் ஐந்து நிமிடம், ஆங்கிலத்தில் ஐந்து, குளிப்பில் ஐந்து என்று நறுக்கிக் கால்மணி நேரத்தை ஒப்பேற்றினோம்.

முதல் நாள் கணவர் ஞாயிறு பத்திரிகையின் பகிடிப் பக்கத்தை வெட்டி எடுத்து வந்து, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்து, செய்தி வாசிக்கிறவர் மாதிரி வாசித்தார். வாசிக்கத் தொடங்குமுன்பே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பகிடியின் கடைசி வரி சிரிப்புக்குள் அமிழ்ந்துபோய் எங்களுக்குக் கேட்கவே இல்லை. மகள் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள்.

“அப்பா, இதுக்கு எத்தினை மாக்ஸ்?”

“இதுக்கு மாக்ஸ் இல்லை குஞ்சு. இது சும்மா சிரிக்கிறதுக்கு.”

“அப்ப ஏன் நேரசூசியிலை கிடக்குது?”

கணவர் என்னைப் பார்த்தார். நான் குசினி அடுப்பைப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் என் முறை. நான் தபாற்கந்தோரில் வேலை செய்கிறேன். அங்கே வருகிறவர்கள் பார்சலைக் கட்டுகிற விதம், முத்திரையை நக்குகிற விதம் எல்லாம் நடித்துக் காட்டினேன். நன்றாகத்தான் நடித்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன். மகள் பண்போடு புன்னகைத்தாள். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, “ஏழு மணி. முடிஞ்சுது” என்று சுற்றாடல் கொப்பியைத் திறந்தாள்.

விட்டோமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரிமலைக் கேணியில் குளிக்கக் கூட்டிக்கொண்டு போனோம். கேணியில் இறங்கியதும் மகள் மீன்குஞ்சு மாதிரித் துள்ளினாள். நானும் என் வயதை மறந்து மூச்சை அடக்கி முங்கினேன். வெளியே வந்து தலை துவட்டும்போது, ஆண்கள் கேணியிலிருந்து கணவரும் வந்து சேர்ந்தார். அவருடைய முகத்தில் ஒரு ஒளி. எனக்கு அந்த ஒளி தெரியும். வாயைப் பொத்துவதற்குள் கேட்டுவிட்டார்: “கடல் பக்கத்திலை கிடக்கு. கேணித் தண்ணி ஏன் உப்புக் கரிக்கேல்லை? சொல்லு பாப்பம்!”

மகள் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, மழைநீர், சுண்ணாம்புக் கல், நிலத்தடி நீர் என்று வரிசையாகச் சொன்னாள். முழுவதும் சரி. துள்ளல் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில் அவரைத் திரும்பவும் கேணிக்குள் தள்ளலாம்போல இருந்தது. “ஒரு நாளைக்கு உங்களாலை வாயை வைச்சுக்கொண்டு இருக்க ஏலாதோ?” என்று நல்ல பேச்சுக் கொடுத்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் எங்கள் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் ஒரு பஸ் போனது. “அந்த பஸ் பத்து நிமிசத்திலை ஆறு கிலோமீற்றர் போனால், ஒரு மணித்தியாலத்திலை எவ்வளவு போகும்?” கேட்டது நான்தான். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கணவரின் முதுகு குலுங்குவதைப் பார்த்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் சிரித்தவர் அவர் ஒருவர்தான்.

ரியூசன் வாசலில் ஸ்கூட்டிகளில் உட்கார்ந்து காத்திருக்கும் தாய்மாரிடம் இதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அவர்கள் என்னிடம் வல்லாரையைப் பற்றிச் சொன்னார்கள். ஞாபகசக்திக்கு வல்லாரை. அதன் பிறகு வல்லாரைச் சம்பல், வல்லாரை வறை, வல்லாரைக் கஞ்சி, ஒரு நாள் தோசைக்குள்ளும் வல்லாரை. நான்காவது கிழமை மகள் சாப்பாட்டுக் கோப்பையை என் பக்கம் தள்ளினாள்.

“அம்மா, உந்த வல்லாரையை நீங்கள்தான் சாப்பிடவேணும். நேற்றும் பாலை அடுப்பிலை வைச்சிட்டு மறந்திட்டீங்கள்.”

கணவருக்குப் புரையேறிவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் ரியூசனில் திருத்திய தாள் கொடுப்பார்கள். மகள் அதை என் கையில் தந்துவிட்டு அப்படியே நிற்பாள். தாளைப் பார்க்கமாட்டாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் முதல் பக்கம் புரட்டும்போதும் பார்ப்பாள், கடைசிப் பக்கம் புரட்டும்போதும் பார்ப்பாள். எவ்வளவு மரியாதையான பிள்ளை என்று நினைத்துக்கொள்வேன். கடைசிப் பக்கத்தில் வெள்ளையைக் கண்டால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஒரு சொல் கடிந்ததில்லை. சத்தியமாக. “பரவாயில்லை குஞ்சு” என்றுதான் சொல்வேன். அதைச் சொல்லும்போது என் முகம் என்ன செய்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பரீட்சை நாள் வந்தது.

எங்கள் ஊரில் ஒரு காரியத்துக்கு வெளிக்கிட்டுப் படலை தாண்டும்போது, முதலில் எதிரே யார் வருகிறார்கள், என்ன வருகிறது என்று பார்ப்பார்கள். முழுவியளம் என்பது அதைத்தான். நல்ல முகம், நிறைகுடம், பால், இப்படி ஏதாவது எதிர்ப்பட்டால் போன காரியம் கைகூடும். தானாக எதிர்ப்படும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் முதல் நாளே சொல்லி வைத்துவிடுவார்கள். நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வைத்தேன். நெற்றி நிறையக் குங்குமமும் வாய் நிறையச் சிரிப்புமாக இருக்கிற மனுசி. பித்தளைக் குடம் நிறையத் தண்ணீரோடு ஒழுங்கையில் தற்செயலாக வரவேண்டும். சரியாக ஏழு இருபத்தைந்துக்குத் தற்செயலாக வரவேண்டும்.

“நீ யோசியாதை தங்கச்சி. நான் ஏழு மணிக்கே குடத்தோடை வேலிக்குப் பின்னாலை நிப்பன்” என்றார் அக்கா.

கணவரிடம் சொன்னபோது, “உதெல்லாம் விசர்க் கதை. படிச்ச மனுசி நீர், உதுகளை நம்புறீரே?” என்று என்னைக் கேலி செய்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஏழு இருபத்தைந்து. சுவாமியைக் கும்பிட்டு, திருநீறு பூசி, மூன்று பேரும் படலையைத் திறந்தோம். மகள் நடுவில். கையில் ஒளிபுகும் பைக்குள் இரண்டு பேனை, பென்சில், அழிறப்பர். அவளுடைய முகம் ஏற்கெனவே அந்த வெள்ளைப் பக்கம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. இடது பக்கம் பார்த்தேன். அக்கா குடத்தோடு வருகிறார், பட்டுச் சேலை கட்டியிருக்கிறார், ஆகா! அதே நேரம் வலது பக்கத்தில் சைக்கிள் மணி. பால் கொண்டுவருகிற ஐயா, வழக்கமாக ஆறு மணிக்கே வந்துபோகிறவர், இரண்டு பால் கானோடு சைக்கிளைத் தலைதெறிக்க மிதித்துக்கொண்டு வருகிறார்.

இரண்டு நல்ல சகுனங்களும் எங்கள் படலைக்கு நேரே சந்தித்தன. ஐயா பிரேக் பிடித்தார். அக்கா “ஐயோ” என்று விலகினார். குடம் விலகவில்லை. அதில் இருந்த தண்ணீர் முழுவதும் என் தலையில் வந்து இறங்கியது. சைக்கிள் மதிலில் சாய்ந்து, ஒரு கானின் மூடி கழன்று, பால் ஒழுங்கை நீளத்துக்கு ஓடியது.

“என்ன ஐயா, இந்த நேரத்திலை பால்?” என்று அக்கா சத்தம் போட்டார்.

“நான் என்ன செய்ய? உந்த ஐயாதானே சரியா ஏழு இருபத்தைஞ்சுக்கு எதிரை வரச் சொன்னவர்!”

எல்லோரும் கணவரைப் பார்த்தோம். அவர் கைமணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. பாலின் வாசனைக்கு எதிர் வீட்டு மதிலிலிருந்து ஒரு கறுப்புப் பூனை குதித்தது. எங்களுக்கு முன்னால், இடமிருந்து வலமாக, ஆறுதலாக, அவசரமே இல்லாமல் நடந்து போய், பாலை நக்கத் தொடங்கியது. பூனை குறுக்கே போனால் எதற்கும் வெளிக்கிடக் கூடாது என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

“முழுவியளம் சரியில்லைத் தங்கச்சி. உள்ளை போங்கோ. போய் இருந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத் திரும்ப வெளிக்கிடுங்கோ.”

சொட்டச் சொட்ட நனைந்தபடி மகளைத் திரும்பிப் பார்த்தேன். படலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். தோள் குலுங்கியது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அழுகிறாள், இன்றைக்கு முதல் பக்கமே வெள்ளைதான் என்று நினைத்தேன்.

அவள் நிமிர்ந்தாள். அழவில்லை. மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். “அம்மா... பூனை... பூனைக்குத்தான் இண்டைக்கு நல்ல முழுவியளம்!” என்று சொல்லி, சொன்னதற்குத் திரும்பவும் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் நீர் வழிய, மாதக் கணக்காக நாங்கள் ஊதாப் பெட்டிக்குள் தேடிய அந்தச் சிரிப்பு நடு ஒழுங்கையில் நின்று குலுங்கியது. எனக்கும் தொற்றிக்கொண்டது. பிறகு அக்காவுக்கு. பால் ஐயா காலியான கானைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கணவர் மட்டும், “நேரம் போகுது, நேரம் போகுது” என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். பூனை எங்களை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தது.

உள்ளே போய் உட்காரவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் இல்லை. நான்தான் போதுமான அளவு தண்ணீர் கண்டிருந்தேனே. சேலை மாற்ற நேரமில்லை. மூன்று பேரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினோம். கணவர் முன்னால், மகள் நடுவில், ஈரச் சேலையோடு நான் பின்னால். வழியெல்லாம் யாராவது ஒருவருக்குச் சிரிப்பு வரும், உடனே மற்ற இருவருக்கும் வரும். மோட்டார் சைக்கிள் ஆடும்.

பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசலில் ஒரு சத்தம் இல்லை. தாய் தகப்பன்மார் செத்த வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள். அதற்குள் நான் போய் இறங்கினேன். தலைமயிர் ஒட்டிப்போய், குங்குமம் கரைந்து மூக்கு வழியாக நாடி வரை இறங்கியிருந்தது. ரியூசன் வாசல் தாய்மார் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி நின்றார்கள். மகள் சுட்டெண் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு பிள்ளைகளின் வரிசையில் போனாள். வாசலைத் தாண்டினாள். திரும்பவும் என்னிடம் ஓடி வந்தாள்.

“என்ன குஞ்சு? பேனையை விட்டிட்டியோ?”

“இல்லை. முகத்தைக் காட்டுங்கோ.”

குனிந்தேன். என் இரண்டு கன்னத்தையும் பிடித்து, நாடியிலிருந்து நெற்றி வரை வடிவாகப் பார்த்தாள். வாய் கோணியது, சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“இப்பிடியே இருங்கோ. நான் வெளியிலை வரேக்கையும் இதே முகம் இருக்கவேணும். துடைக்கக் கூடாது, என்ன?”

“ஓம்” என்றேன்.

ஓடிவிட்டாள். கணவர் கைலேஞ்சியை நீட்டினார். “துடையும், ஆக்கள் பாக்கினம்.” நான் மாட்டேன் என்றேன். வெயில் ஏறியது. சேலை காய்ந்து மொடமொடத்தது. குங்குமம் தோலில் இறுகி அரித்தது. சொறியவும் இல்லை. இதற்கு முன்னால் பிள்ளையின் படிப்புக்காக நான் செய்ததெல்லாம் நானாக எடுத்துச் செய்தது. அவளாக என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். மகள் கூட்டத்துக்குள் என்னைத் தேடி, என் முகத்தைக் கண்டுபிடித்துப் பல்லைக் காட்டினாள். கணவர் வாயைத் திறந்தார். நான் அவருடைய காலை மிதித்தேன்.

“கடைசிப் பக்கமும் எழுதினன்” என்றாள் அவளாகவே.

பெறுபேறு என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அதை எழுதக் கூடாது என்பது மகளின் கட்டளை. எழுதவில்லை.

திரும்பி வரும் வழியில் முன்னால் பார்த்தபடி, காற்றோடு கதைக்கிற மாதிரி அவள் சொன்னாள்: “எனக்குச் சோதினைக்கு ஒரு நாளும் பயமில்லை அம்மா. பாதி எழுதேக்கை, இதை நீங்கள் பாக்கேக்கை உங்கடை முகம் எப்பிடிப் போகும் எண்டு ஞாபகம் வரும். பிறகு எழுத வராது. இண்டைக்கு ஞாபகம் வந்த முகத்திலை மூக்கிலை குங்குமம். சிரிப்பு வந்திட்டுது. எழுதிப்போட்டன்.”

கணவர் வேகத்தைக் குறைத்தார். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. நல்ல வேளை, பின்னால் இருந்தேன், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

“அம்மா, அழுறீங்களே? முகத்தைக் காட்டுங்கோ” என்று அவள் சட்டென்று திரும்பினாள். எங்கள் ஹெல்மெட்டுகள் இரண்டும் டங்கென்று முட்டிக்கொண்டன. கன்னத்தை மறைக்கப் போன கையை எடுத்துவிட்டு, நான் முகத்தைக் காட்டினேன்.